சரளைக்கல் சிற்பி இராம்கிங்கர்

மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளில் காரை உதிர்ந்த இடமெல்லாம் எட்டிப் பார்ப்பது வெட்டுகல். நம் பக்கத்தில் செம்புராங்கல் என்போம். அடைமழையில் பாறையின் சிலிக்கா கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நின்ற கல் இது. வெட்டும்போது மென்மை, காற்றுப்பட்டால் இறுகிவிடும். புக்கானன் என்பவர் மலபாரில் கண்ட இக்கல்லுக்கே 1807-இல் 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். இதே கல்லின் சரளையை நம்பிச் சிற்பம் செய்தவர் இராம்கிங்கர் பைஜ்.

1906-இல் வங்காளத்துப் பாங்குராவில் ஏழை நாவிதர் குடும்பத்தில் பிறந்தார். ஊரில் பொம்மை செய்வோரிடமே மண் பிசையக் கற்றார். பத்திரிகாசிரியர் இராமானந்த சட்டர்ஜியின் முயற்சியால் 1925-இல் சாந்திநிகேதனம் சேர்ந்து, நந்தலால் போஸின் மாணவரானார்.

அவ்வூரைச் சுற்றிலும் மழை அரித்த செம்மண் பள்ளங்கள், 'கோவாய்' என்பர். நடந்தால் காலில் குத்தும் சரளை. 1938-இல் அச்சரளையைச் சிமெண்டோடு கலந்து, இரும்புக் கூட்டின்மேல் வீசியெறிந்து, இறுகி வரும்போதே உளியால் செதுக்கி, 'சந்தால் குடும்பம்' என்னும் சிற்பத்தைத் திறந்தவெளியில் எழுப்பினார். தோளில் காவடி, கூடையில் குழந்தை, உடன் ஒரு நாய். பிழைப்புத் தேடி ஊர் பெயரும் குடும்பம். மட்டாஞ்சேரித் தமிழருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

வெண்கலம் வாங்கப் பணமில்லாமையே காரணம் என்பர். பாதி உண்மைதான். பணமில்லாதவர் மேலே சாந்து பூசி வழவழப்பாக்கியிருக்கலாமே! அவர் அந்தச் சொரசொரப்பை மறைக்கவே இல்லை. அந்த மனிதர்கள் நடந்த நிலமே அவர்கள் உடலாயிற்று என்பது என் துணிபு.

1940-ஐ ஒட்டி அவர் செய்த 'விளக்குத் தண்டில்' மனிதருமில்லை, தெய்வமுமில்லை. வளைந்தெழும் வடிவம் மட்டுமே உண்டு. நம் நாட்டின் முதல் அருவச் சிற்பங்களுள் ஒன்றாக அதனை எண்ணுவர்.

பின்னர்ப் பெருங்கல்லும் கைக்கு வந்தது. டில்லி ரிசர்வ் வங்கி வாயிலுக்காகக் காங்க்ரா பள்ளத்தாக்கின் மணற்கல்லில் யட்சனையும் யட்சியையும் வடித்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 அடி. ஆண்டுகள் பல இழுத்து 1967-இல்தான் வேலை முடிந்தது. கம்பீரமானவைதாம், எனினும் எனக்குச் சரளைக் குடும்பமே உயர்வு.

1970-இல் பத்மபூஷண் கிடைத்தது. வீட்டுக் கூரையோ ஒழுகிக்கொண்டே இருந்தது. தம் எண்ணெய் வண்ண ஓவியங்களையே கூரைக்கு மறைப்பாகக் கட்டினார். எண்ணெய்ச் சாயத்தில் நீர் ஒட்டாதன்றோ! 1975-இல் ரித்விக் கட்டக் அவரைப் பற்றிப் படமெடுக்கத் தொடங்கி, முடிக்குமுன்பே மறைந்தார். இராம்கிங்கர் 1980 ஆகஸ்ட் 2-இல் கல்கத்தாவில் காலமானார்.