குட்டி அனாவின் பெரிய வெற்றி



உங்கள் வகுப்பில் அனிதா என்ற பெயரில் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் இந்தக் கட்டுரையை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள். இது ஓர் அனிதாவின் கதை. ஆனால் அவர் நம் நாட்டுக்காரர் இல்லை. தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில் பிறந்தவர். முழுப்பெயர் அனிதா லிசானா. சிலி நாட்டு மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. அந்த மொழியில் அனா என்ற பெயருள்ள பெண்ணைச் செல்லமாக அனிதா என்று கூப்பிடுவார்கள். குட்டி அனா என்று பொருள்.

இந்தக் குட்டி அனா 1937-ஆம் ஆண்டில் உலகிலேயே முதலிடம் பெற்ற டென்னிஸ் வீராங்கனை. அதற்கு முன்பு தென் அமெரிக்காவிலிருந்து ஆணோ பெண்ணோ யாருமே அந்த இடத்தைத் தொட்டதில்லை. அவர் எப்படித் தொட்டார் என்று பார்ப்போமா?

மிளகாய் போல ஒரு நாடு

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவின் மேற்குக் கரை ஓரமாகப் பாருங்கள். பச்சை மிளகாயை நிறுத்தி வைத்தது போல நீளமாக, ஒல்லியாக ஒரு நாடு தெரிகிறதா? அதுதான் சிலி. வடக்கிலிருந்து தெற்கு வரை 4,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஆனால் அகலம் சராசரியாக 180 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, மறுபக்கம் பசிபிக் பெருங்கடல். தலைநகரம் சாண்டியாகோ.

அந்த சாண்டியாகோ நகரில் 1915-ஆம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி அனிதா பிறந்தார். வசதியான குடும்பம் அல்ல. நகரின் நடுவே கின்டா நார்மல் என்ற பெரிய பூங்கா இருக்கிறது. அங்கே டென்னிஸ் மைதானங்கள் இருந்தன. அனிதாவின் தந்தை டென்னிஸ் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர். மற்ற வீட்டுக் குழந்தைகள் பொம்மையோடு விளையாடினார்கள் என்றால், அனிதா பந்தும் மட்டையுமாக வளர்ந்தார்.

அந்தக் காலத்தில் டென்னிஸ் பணக்காரர்களின் விளையாட்டு. மட்டை, பந்து, வெள்ளை உடை, சங்கச் சந்தா என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பயிற்சியாளர் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டாத தூரம். ஆனால் மைதானமே வீட்டு முற்றம் போல ஆகிவிட்டதால், அனிதாவுக்கு ஆட்டம் இயல்பாகவே வந்தது.

குட்டி எலி

அனிதாவுக்கு ஒரு குறை இருந்தது. அவர் மிகவும் குள்ளம். டென்னிஸில் உயரமாக இருப்பது பெரிய பலம். உயரமானவர் கையை மேலே நீட்டி ஓங்கி அடித்தால், பந்து வலையைத் தாண்டி அம்பு போலப் பாயும். குள்ளமானவர் அப்படி அடிப்பது கடினம். பந்தைத் துரத்திப் பிடிக்கவும் இரண்டு மடங்கு ஓட வேண்டும்.

அனிதா ஓடினார். மூலைக்கு மூலை அவர் குடுகுடுவென ஓடுவதைப் பார்த்த சிலி நாட்டு ரசிகர்கள் அவருக்கு ரதீத்தா என்று பட்டப்பெயர் வைத்தார்கள். குட்டி எலி என்று அதற்குப் பொருள். கேலி அல்ல, செல்லப் பெயர்தான்.

ஓட்டம் மட்டும் போதுமா? போதாது. பலத்தால் வெல்ல முடியாத இடத்தில் யோசித்து வெல்ல வேண்டும் என்பதை அனிதா தெரிந்துகொண்டார். அதற்கு அவர் பழகிய அடிக்கு டிராப் ஷாட் என்று பெயர்.

டிராப் ஷாட் என்றால் என்ன? எதிராளி மைதானத்தின் பின்கோட்டருகே நின்று, பலமான அடியை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அப்போது ஓங்கி அடிப்பது போல மட்டையைக் கொண்டு போய், கடைசி நொடியில் பந்தை மெல்லத் தடவிவிட வேண்டும். பந்து வலையைத் தாண்டியதும் பூ உதிர்வது போல அங்கேயே விழுந்துவிடும். பின்னால் நிற்பவர் ஓடி வருவதற்குள் இரண்டாவது முறையும் தரையைத் தொட்டுவிடும். புள்ளி நமக்கு! கேட்க எளிது. செய்வது கடினம். கொஞ்சம் மெதுவாக அடித்தால் பந்து வலையில் சிக்கும். கொஞ்சம் வேகமாக அடித்தால் எதிராளி ஓடி வந்து எடுத்துவிடுவார். ஆயிரம் முறை பழகினால்தான் கை சொன்னபடி கேட்கும்.

கடலைத் தாண்டி

இருபது வயது ஆவதற்கு முன்பே அனிதா சிலியின் முதல்தர வீராங்கனை ஆகிவிட்டார். உள்ளூரில் அவரை வெல்ல ஆள் இல்லை. ஆனால் பெரிய போட்டிகள் எல்லாம் நடந்தது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்தான். இன்று போல விமானத்தில் ஏறி மறுநாள் போய் இறங்க முடியாது. கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டும். 1935-ஆம் ஆண்டு அனிதா ஐரோப்பாவுக்குப் போனார்.

அங்கே இன்னொரு சிக்கல். சிலியில் அவர் ஆடிப் பழகியது மண் தரையில். இங்கிலாந்தில் விம்பிள்டன் போட்டி நடப்பதோ புல்தரையில். மண்ணில் பந்து உயரமாக எழும்பும். புல்லில் வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். கால் வைக்கும் விதத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டும். ஆனால் அதில் ஒரு நன்மையும் இருந்தது. புல்லில் பந்து அதிகம் எழும்பாது அல்லவா? ஆகவே டிராப் ஷாட் அடித்தால் பந்து விழுந்த இடத்திலேயே அடங்கிவிடும்!

1936-ஆம் ஆண்டு விம்பிள்டனில் அனிதா கால் இறுதி வரை வந்தார். அங்கே அமெரிக்காவின் ஹெலன் ஜேக்கப்ஸிடம் தோற்றார். அந்த ஆண்டு கோப்பையை வென்றவர் அதே ஜேக்கப்ஸ்தான். 1937-இல் மறுபடியும் கால் இறுதி. இந்த முறை பிரான்ஸ் நாட்டின் சிமோன் மாத்யூவிடம் தோல்வி. இரண்டு ஆண்டும் ஒரே படியில் வழுக்கி விழுந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மனம் சோர்ந்து போகும் அல்லவா? அனிதா மட்டையை மூலையில் போடவில்லை. அதே ஆண்டு கோடையில் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்கா போனார்.

ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்தது

இன்று யு.எஸ். ஓபன் என்று தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அந்தப் போட்டிக்கு அப்போது அமெரிக்க தேசியப் போட்டி என்று பெயர். நியூயார்க் நகரின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் பகுதியில் புல்தரையில் நடந்தது. முந்தைய ஆண்டு வென்றவர் அமெரிக்காவின் ஆலிஸ் மார்பிள். அவரே மறுபடியும் வெல்வார் என்று பலர் எண்ணினார்கள். ஆனால் கால் இறுதியில் டோரத்தி பண்டி என்ற இன்னொரு அமெரிக்கப் பெண் மார்பிளைத் தோற்கடித்தார். அந்தப் பண்டியை அரை இறுதியில் அனிதா வென்றார்.

இறுதி ஆட்டத்தில் அனிதாவை எதிர்த்தவர் போலந்து நாட்டின் யாத்விகா யெஞ்செயோவ்ஸ்கா. பெயர் வாயில் நுழையவில்லையா? அந்தக் காலத்து ஆங்கிலேயர் வாயிலும் நுழையவில்லை. ஆகவே ஜாஜா என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் ஜாஜா என்றே சொல்வோம். அவரும் எளிய குடும்பத்துப் பெண்தான். கிராக்கோவ் நகரில் டென்னிஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்து, பந்து பொறுக்கிப் போட்டு ஆட்டம் கற்றவர். ஓங்கி அடிப்பதில் பெயர் பெற்றவர். அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் மூன்றாவது செட்டில் 7-5 என்று மயிரிழையில் கோப்பையைத் தவறவிட்டிருந்தார். இந்த முறை விடக் கூடாது என்று வந்திருந்தார்.

நினைத்துப் பாருங்கள் குழந்தைகளே! பணக்காரர்களின் விளையாட்டு என்று பெயர் பெற்ற டென்னிஸின் பெரிய மேடை. அதில் இறுதி ஆட்டம் ஆடியவர்களில் ஒருவர் பயிற்சியாளரின் மகள். மற்றவர் பந்து பொறுக்கிப் போட்ட பெண்.

1937 செப்டம்பர் 11. ஜாஜா பலமாக அடித்தார். அனிதா ஓடி எடுத்தார். ஜாஜா பின்னால் போனால் பந்தை முன்னால் போட்டார், முன்னால் வந்தால் பின்னால் தள்ளினார். முதல் செட் 6-4. இரண்டாவது செட் 6-2. அனிதா வென்றுவிட்டார்! அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் அவர் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. உலகின் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகளில் ஒன்றில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் தென் அமெரிக்கர் அவரே.

இன்று கணினி கணக்குப் போட்டு வாரா வாரம் தரவரிசை வெளியிடுகிறது. அன்று அப்படி இல்லை. பத்திரிகையில் எழுதும் நிபுணர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பட்டியல் போடுவார்கள். லண்டன் டெய்லி டெலிகிராப் பத்திரிகையின் வாலிஸ் மையர்ஸ் வெளியிட்ட பட்டியலுக்குப் பெரும் மதிப்பு உண்டு. 1937 பட்டியலில் முதல் பெயர் அனிதா லிசானா.

பரிசு எவ்வளவு?

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. ஃபாரஸ்ட் ஹில்ஸில் வென்ற அனிதாவுக்குப் பரிசுப் பணம் எவ்வளவு கிடைத்திருக்கும்?

ஒரு காசு கூடக் கிடையாது!

ஆமாம், கோப்பை மட்டும்தான். அப்போது டென்னிஸ் ஆடுபவர்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்காகப் பணம் வாங்குபவர் தொழில்முறை ஆட்டக்காரர். வாங்காதவர் அமெச்சூர். விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் அமெச்சூர் மட்டுமே ஆடலாம். ஆட்டம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்கினால்கூடத் தொழில்முறைதான். அப்படிப் பார்த்தால், மகள் ஆடிய போட்டிகளில் அனிதாவின் தந்தை ஆட முடியாது! சொத்து உள்ளவர்களுக்கு இந்த விதி ஒரு பொருட்டே அல்ல. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? உலகில் முதலிடம் பெற்றாலும் அதை வைத்து வீட்டில் அடுப்பெரிக்க முடியாது.

இந்த விதி மாற 1968 வரை ஆனது. அந்த ஆண்டு யு.எஸ். ஓபனில் பெண்கள் பிரிவில் வென்ற வர்ஜீனியா வேடுக்கு 6,000 டாலர் கிடைத்தது. 1973-இல் அதே போட்டி ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசு தந்தது. ஆளுக்கு 25,000 டாலர். அனிதா வென்று 36 ஆண்டுகள் கழித்து!

டண்டீ நகரில்

1938 ஜூலையில் அனிதா, ரொனால்ட் எல்லிஸ் என்பவரை மணந்துகொண்டார். அவர் ஸ்காட்லாந்து நாட்டு டென்னிஸ் ஆட்டக்காரர். இருவரும் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் குடியேறினார்கள். மூன்று பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

ஆண்டிஸ் மலை அடிவாரத்திலிருந்து வட கடல் ஓரத்துக் குளிருக்கு! மொழியும் வேறு, சாப்பாடும் வேறு. அதோடு 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. 1940 முதல் 1945 வரை ஆறு ஆண்டுகள் விம்பிள்டன் போட்டியே நடக்கவில்லை. 1940 அக்டோபரில் அதன் மைய அரங்கின் மேல் குண்டு விழுந்தது. வீராங்கனைகள் ஆடிய இடத்தில் பன்றிகளும் கோழிகளும் வளர்த்தார்கள். உணவுத் தட்டுப்பாடு அப்படி!

போர் தொடங்கியபோது அனிதாவுக்கு 23 வயதுதான். ஒரு விளையாட்டு வீரருக்கு மிக நல்ல வயது அது. அந்த ஆண்டுகள் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. போர் முடிந்த பிறகு மறுபடியும் மட்டையை எடுத்து ஆடினார். ஆனால் 1937 போல இன்னொரு கோடை அவர் வாழ்வில் வரவில்லை. போர் மட்டும் வராதிருந்தால் இன்னும் எத்தனை கோப்பைகளோ! ஜாஜாவின் கதையும் அதேதான். அவருடைய போலந்தைத்தான் போர் முதலில் விழுங்கியது.

1994 ஆகஸ்ட் 21-ந் தேதி, தமது 78-ஆம் வயதில், இங்கிலாந்தின் ஃபெர்ன்டவுன் என்ற ஊரில் அனிதா காலமானார்.

பெயர் நிலைத்தது

அனிதாவுக்குப் பிறகு தென் அமெரிக்காவிலிருந்து இன்னொரு பெண் ஒற்றையர் பெரும் பட்டம் வெல்ல 22 ஆண்டுகள் ஆயின. அவர் பிரேசிலின் மரியா புவேனோ, 1959 விம்பிள்டனில் வென்றார். சிலியிலிருந்து இன்னொருவர் உலக முதலிடத்துக்கு வர 61 ஆண்டுகள் ஆயின. 1998 மார்ச்சில் ஆண்கள் தரவரிசையில் மார்செலோ ரியோஸ் முதலிடம் பெற்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் சிலி தன் வரலாற்றிலேயே முதல் தங்கப் பதக்கங்களை வென்றது. எந்த விளையாட்டில் தெரியுமா? டென்னிஸில்தான்!

சாண்டியாகோவில் தேசிய விளையாட்டு அரங்க வளாகம் உள்ளது. அங்குள்ள மைய டென்னிஸ் அரங்கின் பெயர் என்ன என்று சொல்லவும் வேண்டுமா? அனிதா லிசானா அரங்கம்! பூங்கா மைதானத்தில் பந்து துரத்திய குட்டி எலியின் பெயரைத் தாங்கிய அரங்கில் இன்று சிலியின் பெரிய வீரர்கள் ஆடுகிறார்கள்.

குழந்தைகளே, உங்களில் சிலர் குள்ளமாக இருக்கலாம். சிலருக்கு ஓடினால் மூச்சு வாங்கலாம். விளையாட்டு நேரத்தில் அணி பிரிக்கும்போது உங்களைக் கடைசியாகக் கூப்பிடலாம். வருத்தப்படாதீர்கள். அனிதாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தம்மிடம் இல்லாத உயரத்தை எண்ணி அழுதுகொண்டிருக்கவில்லை. தம்மிடம் இருந்த வேகத்தையும் புத்தியையும் ஆயிரம் முறை பழகிக் கூர்மையாக்கிக்கொண்டார். உங்களுடைய டிராப் ஷாட் எது என்று இன்று மாலை உட்கார்ந்து யோசியுங்கள். நாளை முதல் பழகத் தொடங்குங்கள்!