விண்ணில் உலவும் பெயர்

உத்தியோகத்தின் நிமித்தம் ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்ற தமிழ்க் குடும்பம் ஒன்றில், அன்றைய பஞ்சாபின் லாகூர் நகரில், 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் தணிக்கை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி அம்மையார், இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கம் செய்த கல்வியறிவுடையவர். சிறிய தந்தையார் சர் சி. வி. ராமன். அம்மகவே பிற்காலத்தில் வானியல் உலகம் போற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார்.

குடும்பம் 1918-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், 1930-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவ்வமயம் அன்னையார் கடும் நோயுற்றிருந்தார். ஆயினும் தம் பொருட்டு மகனின் கல்வி தடைப்படலாகாது என்று அவரே வற்புறுத்தி அனுப்பிவைத்தார். மறு ஆண்டே அவர் காலமானார். மகனோ கடல் கடந்த நாட்டில் இருந்தார்.

அக்கப்பற் பிரயாணத்தில்தான் பத்தொன்பது வயது இளைஞரின் சிந்தனையில் பெரியதோர் உண்மை உதித்தது. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் எதுவாயினும் சுருங்கி, வெண்குள்ளன் என்னும் நிலையை எய்தி அடங்கும் என்றே அந்நாளைய அறிஞர் கருதினர். சந்திரசேகரின் கணக்கோ வேறு விடை தந்தது. அதனைச் செம்மைப்படுத்தியபோது கிடைத்த முடிவு இதுவே: எஞ்சிய பொருள் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்படுமாயின், அது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது மேலும் நொறுங்கியே தீரும்.

1935 ஜனவரி 11-ஆம் நாள் லண்டன் வானியல் கழகத்தில் இதனை அவர் விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் புகழின் உச்சியிலிருந்த எடிங்டன். இளைஞரின் முடிவை அபத்தமென அவர் எள்ளி நகையாட, அவையும் சேர்ந்து சிரித்தது. சந்திரசேகரே சரியென்று தனிமையில் ஒப்புக்கொண்ட பேரறிஞரும் பொதுவில் வாய்திறந்தாரில்லை. அவர் மனம் புண்பட்டது. எனினும் எவருடனும் பூசலிட்டாரில்லை. தம் கணக்கை நூலாக எழுதி 1939-இல் வெளியிட்டுவிட்டு, வேறு ஆராய்ச்சியில் இறங்கினார். எடிங்டன் மறைந்த பின்னரும் அவரைப் பெருமைப்படுத்தியே பேசினார்.

இதற்கிடையில் 1936-இல் கல்லூரித் தோழி லலிதாவை மணந்து, 1937-இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1953-இல் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார். மகன் தாயகம் திரும்புவான் என்று காத்திருந்த தந்தையாருக்கு அது பெரும் மனவருத்தம் அளித்தது. புகழுக்கும் ஒரு விலை உண்டல்லவா?

அவரது கணக்குக்குச் சான்று எக்ஸ் கதிர்களின் வாயிலாக வந்தது. இக்கதிர்களை நம் காற்றுமண்டலம் தடுத்துவிடுவதால், விண்ணுக்குச் சென்றே அவற்றைக் காண இயலும். 1962-இல் ஜியாக்கோனி குழுவினர் ராக்கெட் ஒன்றை அனுப்பி, விருச்சிக ராசியில் எக்ஸ் கதிர் வீசும் பொருள் ஒன்றைக் கண்டனர். 1970-இல் ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள் இத்தகைய பொருள்கள் பலவற்றைக் காட்டியது. நொறுங்கிய நட்சத்திரம் தன் துணை நட்சத்திரத்தின் வாயுவை இழுக்க, அவ்வாயு கோடிக்கணக்கான பாகை வெப்பமுற்று எக்ஸ் கதிர்களை வீசுகின்றது என்பது தெளிவாயிற்று. அன்னப்பறவை மண்டலத்தில் கருந்துளை ஒன்றும் இவ்வாறே அறியப்பட்டது.

1983-இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. 1995 ஆகஸ்ட் 21-இல் சிகாகோவில் அவர் மறைந்தார். 1999 ஜூலை 23-இல் அமெரிக்கர் விண்ணில் செலுத்திய பெரும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்றே பெயர் சூட்டினர். வெடித்துச் சிதறிய காசியோபியா நட்சத்திரத்தின் நடுவே, அதுவரை எவரும் காணாத சிறு புள்ளி ஒன்றை அது தன் முதற்படங்களிலேயே காட்டியது. நொறுங்கிய நட்சத்திரத்தின் எச்சம் அது.

ரயில்வே தணிக்கை அதிகாரியின் மைந்தர் இட்ட கணக்கை வானமே தணிக்கை செய்து சரியென்று ஒப்பியது. நம் காலனியின் சிறார்கள், பிறர் நகைப்பினும் உண்மையைக் கைவிடாத இப்பெரியாரின் வாழ்வை மனத்திற் கொள்வார்களாக.