கூட்டாளியைக் காட்டிக் கொடுக்காத வீரர்

வாணிபத்தில் ஈடுபட்டுள்ள நம் சகோதரர்களுக்குக் கூட்டு வியாபாரத்தின் அருமையும் தெரியும், ஆபத்தும் தெரியும். ஒருவர் முதல் போட, மற்றொருவர் கல்லாவைப் பார்க்க, இருவருமாகச் செழித்த கடைகள் உண்டு. மூன்றாம் மனிதரின் பேச்சால் ஒருவரையொருவர் சந்தேகித்து மூடிய கடைகளும் உண்டு. இந்தப் பாடத்தை விளையாட்டுத் திடலில் நடத்திக் காட்டிய ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் தருகிறோம். அவர்தாம் இந்தியக் கிரிக்கெட்டின் புகழ்பெற்ற ஆரம்ப ஆட்டக்காரர் மர்ஹூம் செய்யிது முஷ்தாக் அலி.

அன்னார் 1914-ம் ஆண்டு டிசம்பர் 17-ம் நாள் இந்தூர் நகரில் ஒரு போலீஸ் அதிகாரியின் மகனாகப் பிறந்தார். இந்திய அணியின் முதல் டெஸ்ட் தலைவரான கர்னல் சி. கே. நாயுடு இந்தச் சிறுவரின் திறமையைக் கண்டு கைதூக்கிவிட்டார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 19. அப்போது அவரை அணியில் சேர்த்தது இடது கையால் மெதுவாகப் பந்து வீசுவதற்காக. இரண்டே ஆண்டுகளில் முதல் மட்டையைப் பிடிப்பவராக உயர்ந்துவிட்டார்.

ஆரம்ப ஆட்டக்காரர் நிதானமாக நின்று புதுப் பந்தின் வேகத்தைத் தணிக்க வேண்டும் என்பதே அக்காலத்து வழக்கம். முஷ்தாக் அலி அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படவில்லை. வேகப் பந்து வீச்சாளர் ஓடி வரும்போதே இவரும் கோட்டை விட்டு இறங்கி வந்து அடிப்பார். வலப்புறம் விலகிப் போகும் பந்தை இடப்புறமாகத் திருப்பி விரட்டுவார். தலைக்கவசம் இல்லாத காலம் அது. இந்தத் துணிவினால் விரைவில் ஆட்டமிழந்த நாட்களும் பல. ஆயினும் அவர் களத்தில் இருக்கும் வரை யாரும் இருக்கையை விட்டு எழமாட்டார்கள்.

அவருடன் சேர்ந்து ஆட்டத்தைத் தொடங்கியவர் பம்பாயைச் சேர்ந்த விஜய் மெர்ச்சண்ட். துணி ஆலைகள் நடத்திய செல்வக் குடும்பத்துப் பிள்ளை. குடும்பப் பெயர் தாக்கர்சி. பள்ளியில் ஆசிரியர் பெயரையும் தொழிலையும் மாற்றி எழுதிக்கொண்டதால் வியாபாரி என்னும் பொருள்படும் சொல்லே பெயராக நிலைத்தது என்பர். பெயருக்கேற்ப அவர் கணக்குப் பார்த்து ஆடுபவர். முஷ்தாக் அலியோ கையிலுள்ளதை எல்லாம் வீசிப் பார்ப்பவர். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். குணத்திலும் ஆட்டத்திலும் இருவரும் இரு துருவங்கள்.

1936-ல் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. தலைவராக இருந்தவர் விஜயநகரம் மகாராஜ்குமார். அணிக்குள் கட்சிப் பூசல் மலிந்திருந்தது. சிறந்த ஆட்டக்காரரான லாலா அமர்நாத் பாதியிலேயே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மெர்ச்சண்டும் தலைவரின் அதிருப்திக்கு ஆளானவர்.

கிரிக்கெட்டில் ஓட்டம் எடுக்க இருவரும் சேர்ந்தே ஓடவேண்டும். ஒருவர் வா என்று அழைத்துவிட்டு நடுவழியில் திரும்பிக்கொண்டால் மற்றவர் அகப்பட்டுக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு அது தற்செயலாகவே தோன்றும். அவ்விதம் மெர்ச்சண்டை ஆட்டமிழக்கச் செய்யும்படி முஷ்தாக் அலியிடம் தலைவரே சொன்னார் என்பது கிரிக்கெட் வரலாற்றில் பலரும் எழுதிய செய்தி. அப்போது முஷ்தாக் அலிக்கு வயது 21. தலைவரின் தயவு இருந்தால்தான் அணியில் இடம். அவரோ நேரே மெர்ச்சண்டிடம் சென்று விஷயத்தைச் சொல்லிவிட்டார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள் என்பர்.

மான்செஸ்டர் நகரில் ஜூலை 25-ல் தொடங்கிய டெஸ்டில் நடந்ததைக் கேளுங்கள். முதல் இன்னிங்சில் இந்தியா 203 ஓட்டங்களில் சுருண்டது. மெர்ச்சண்ட் அடித்த பந்து எதிர்முனையில் நின்ற முஷ்தாக் அலியின் மட்டையில் பட்டுத் திரும்பியதால், ரன் அவுட் ஆனவர் முஷ்தாக் அலியே! இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 ஓட்டங்கள் குவித்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. 368 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் இருவரும் மீண்டும் களமிறங்கினர்.

அன்று மாலைக்குள் விக்கெட் இழப்பின்றி 190 ஓட்டங்கள்! முஷ்தாக் அலி நூறைத் தாண்டி நின்றார். வெளிநாட்டில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் என்ற பெருமை அன்று அவருக்குக் கிட்டியது. மறுநாள் காலை 112-ல் ஆட்டமிழந்தார். கூட்டு ஓட்டம் 203. முதல் இன்னிங்சில் அணி முழுவதும் சேர்ந்து எடுத்த அதே தொகை! மெர்ச்சண்ட் 114 எடுத்தார். தோல்வி தவிர்க்கப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து 1946-ல் அதே மைதானத்தில் அதே இருவர் தொடக்கத்தில் 124 ஓட்டங்கள் சேர்த்தனர்.

இடைப்பட்ட உலகப் போர் அவருடைய சிறந்த ஆண்டுகளை விழுங்கிவிட்டது. ஆயினும் உள்நாட்டில் ஹோல்கர் அணிக்காகத் தொடர்ந்து ஆடினார். 1945 ரஞ்சிக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரு இன்னிங்சிலும் சதம் அடித்தார். அவ்வாண்டே கல்கத்தாவில் ஆஸ்திரேலிய ராணுவ அணியுடனான ஆட்டத்துக்கு அவரைத் தேர்வுக் குழு விட்டுவிட்டது. ஊர் கொதித்தது. முஷ்தாக் இல்லாத ஆட்டம் எங்களுக்கு வேண்டாமென்று திரண்ட கூட்டம் தேர்வுக் குழுத் தலைவர் துலீப்சிங்ஜியைச் சூழ்ந்துகொண்டது. முஷ்தாக் அலி சேர்க்கப்பட்டார். ஓராண்டு முடியுமுன் 1946 ஆகஸ்டில் அதே கல்கத்தா மதக் கலவரத்தில் எரிந்தது என்பதை நினைக்கும்போதுதான் அந்தக் கூட்டத்தின் அன்பு எவ்வளவு அரியது என்று விளங்கும்.

1947-ல் நாடு பிரிந்தது. முஷ்தாக் அலி பிறந்த ஊரிலேயே இருந்தார். 1949 புத்தாண்டையொட்டி அதே கல்கத்தாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 54-ம் 106-ம் எடுத்து அம்மக்களின் கடனைத் தீர்த்தார்.

அவருடைய கடைசி டெஸ்ட் 1952 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. அதில் அவர் எடுத்தது 22 ஓட்டங்களே. ஆனால் இங்கிலாந்தை ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்று, இந்தியா இருபதாண்டுகளாகக் காத்திருந்த முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அங்கேதான்.

கணக்கைப் பார்த்தால் 18 ஆண்டுகளில் 11 டெஸ்டுகள், 612 ஓட்டங்கள், இரண்டு சதங்கள். பேரேட்டில் இது பெருந்தொகையன்று. இவரினும் மிகுதியாகக் குவித்தவர் பலர். இருந்தும் 1964-ல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 2005 ஜூன் 18-ல் தமது 90-வது வயதில் இந்தூரில் வபாத்தானார். இந்தியாவின் மாநில அணிகள் மோதும் இருபது ஓவர் போட்டியின் கோப்பை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விரைந்து அடிக்கும் ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

தம்முடைய விக்கெட்டை அவர் எத்தனையோ முறை பணயம் வைத்தார்; அது அவருடைய சொந்த முதல். கூட்டாளியின் விக்கெட்டை ஒருபோதும் பணயம் வைக்கவில்லை, அது அமானிதம். துணிச்சலான வியாபாரிக்கும் நம்பிக்கைத் துரோகிக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். நம் பிள்ளைகள் மட்டையைப் பிடித்தாலும் தராசைப் பிடித்தாலும் இதை மறவாதிருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் மறுமை வாழ்வைச் சிறப்பாக்குவானாக! ஆமீன்.