வேலூரில் மூளை அறுவைக்கு வழி திறந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி



அரக்கோணத்தில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போய்வராத குடும்பம் நம் ஊரில் குறைவு. இந்தியாவிலேயே முதன்முதலாக மூளை, நரம்பு அறுவைக்கென ஒரு துறை 1949-இல் அங்கேதான் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரியுமா? தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி.

1910-இல் கோட்டயத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பஹ்ரைன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்றார். கனடாவின் மான்ட்ரியல் நகரில் புகழ்பெற்ற வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம், வேலூருக்கு வந்தார்.

மூளைக் கட்டி என்றதும் நாம் புற்றுநோய் என்றே பயப்படுகிறோம். எல்லாம் அப்படியல்ல. மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமா, காது நரம்பில் வளரும் அகூஸ்டிக் நியூரோமா, பிட்யூட்டரி சுரப்பியருகே அரிதாக வரும் கிரேனியோஃபாரிஞ்சியோமா ஆகியவை பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டிகள். ஆனால் மண்டையோடு மூடிய பெட்டி. உள்ளே மெதுவாக வளர்ந்தாலும் மூளையை அழுத்தும். பார்வை போகலாம், உயிரும் போகலாம். முழுவதும் எடுக்க முடிந்தால் பலர் பழைய வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள்.

அன்று ஸ்கேன் கிடையாது. சி.டி. ஸ்கேன் முதன்முதலில் நோயாளிக்கு எடுக்கப்பட்டதே 1971-இல், லண்டனில். அதற்கு முன் நோயாளியின் நடை, பார்வை, கைகால் பலம் ஆகியவற்றைச் சோதித்து, மூளையின் அறைகளில் காற்றையோ ரத்தக்குழாயில் மருந்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்துத்தான் கட்டி இருக்கும் இடத்தைக் கணித்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் துறையைத் தொடங்கியதோடு அவர் நிற்கவில்லை. 1951-இல் உருவான இந்திய நரம்பியல் சங்கத்தின் முதல் தலைவரானார். 1958-இல் வேலூரிலேயே இளம் மருத்துவர்களுக்கு நரம்பியல் அறுவைப் பயிற்சியைத் தொடங்கினார். 1964-இல் பத்மபூஷண் பெற்றார். 1970-இல் ஓய்வு பெற்ற அவர், 2007-இல் 97-ஆம் வயதில் காலமானார்.

அவரை நினைக்கும்போது நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு காது மட்டும் மந்தமாவது, காலையில் வாந்தியோடு வரும் தலைவலி, பக்கப் பார்வை குறைவது, புதிதாக வரும் வலிப்பு இவற்றை வயசுக்கோளாறு என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் சொல்லுங்கள்.