விதையைச் சோதித்த வில்மோரின்

பாய்மரக் கப்பல்கள் கடலை ஆண்ட காலம் அது. போர்க் கப்பலின் உயிர் அதன் பாய்மரத்தில் இருந்தது. பாய்மரம் முறிந்தால் கப்பல் நடுக்கடலில் தத்தளிக்கும். அதற்கு உயரமான, நேரான, கணு குறைந்த பைன் மரம் வேண்டும்.

அத்தகைய மரம், பால்டிக் கடல் ஓரம் உள்ள ரீகா துறைமுகத்தில் இருந்து வந்தது. ரீகா இப்போது லாட்வியா நாட்டின் தலைநகரம். பிரான்சும் இங்கிலாந்தும் அங்கே விலை கொடுத்து மரம் வாங்கின. போர் மூண்டால் கடல் வழி அடைபடும். மரம் வராது.

பிரான்சிலும் அதே இனத்துப் பைன் மரம் உண்டு. ஆனால் பல இடங்களில் அது கோணல் மாணலாக வளர்ந்தது. கோணலுக்குக் காரணம் மண்ணா? குளிரா? அல்லது விதையா?

இதற்கு விடை காண ஏறத்தாழ 40 ஆண்டுகள் பாடுபட்டவர் பிலிப் ஆந்த்ரே த வில்மோரின்.

விதைக் கடைக்காரர்

வில்மோரின் 1776-ம் ஆண்டு பாரிசில் பிறந்தார். அவருடைய குடும்பம் பெயர் பெற்ற விதை வியாபாரக் குடும்பம். தாய்வழிப் பாட்டனார், மன்னர் பதினைந்தாம் லூயிக்கு விதை கொடுத்தவர்.

1804-ல் தந்தை இறந்தார். 27 வயது மகன் கடைப் பொறுப்பை ஏற்றார். விதை வியாபாரிக்கு நாணயமே முதல். விதை பொய்த்தால், குடியானவரின் ஒரு வருஷப் பாடு வீணாகிவிடும். ஆகவே எதையும் விதைத்துப் பார்த்தே நம்புவது அவர் வழக்கம்.

காட்டு காரட்டையும் அவர் விடவில்லை. அதன் வேர் மெலிந்தது. வேர் பருத்த செடிகளை மட்டும் பொறுக்கி, அவற்றின் விதையை மீண்டும் மீண்டும் விதைத்தார். சில தலைமுறைகளில் சதைப்பற்றுள்ள கிழங்கு கிடைத்தது!

பைன் தோப்பு

காரட் விளைய அதிக காலம் ஆகாது. மரம் அப்படியா?

1821-ல் பாரிசுக்குத் தெற்கே, லே பார் என்ற பண்ணையை வில்மோரின் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 44. ரீகா, ஸ்காத்லாந்து முதலிய பல இடங்களின் பைன் விதைகளைத் தருவித்தார். ஒரே பண்ணையில் தனித்தனியாக வளர்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரே மழை, ஒரே வெயில்.

பிறகு காத்திருந்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. பல பத்து வருஷங்கள்!

மரங்களே பதில் கூறின. ரீகா மரங்கள் நெடுநெடுவென நேராக உயர்ந்தன. அவற்றின் கிளைகள் மெல்லியவை. வேறு சில ஊர்களின் மரங்கள் கோணலாக வளர்ந்தன. அவற்றின் கிளைகள் தடித்தவை. கிளை தடித்தால் மரத்தில் கணு பெரிதாகும். கணு உள்ள இடத்தில் மரம் பலவீனப்படும்.

வில்மோரின் அத்துடன் நிற்கவில்லை. தம் தோப்பில் வளர்ந்த ரீகா மரங்களின் விதையை எடுத்து விதைத்தார். பிரான்சு மண்ணில் பிறந்த அந்தக் கன்றுகளும் தாய் மரத்தின் குணத்தையே காட்டின. விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்காது அல்லவா?

பாரம்பரியத்தின் விதிகளை மெண்டல் அச்சில் வெளியிட்டது 1866-ல்தான். அதற்கு முன்பே இந்த உண்மையை வில்மோரின் தோப்பில் கண்டார்.

மறைவு

1860-ல் பெரும் சோகம் நேர்ந்தது. அவருடைய மகன் லூயி 43-வது வயதில் காலமானார். சர்க்கரை அதிகமுள்ள பீட்ரூட் கிழங்கைப் பொறுக்கி உருவாக்கிப் புகழ் பெற்றவர் அந்த மகன்.

முதிய வயதில் தம் தோப்பின் வரலாற்றை வில்மோரின் எழுதி வைத்தார். 1862-ல், 85-வது வயதில் மறைந்தார்.

அதற்குள் நீராவிக் கப்பல்கள் வந்துவிட்டன. பாய்மரத்துக்கு மதிப்புக் குறைந்தது. அப்படியானால் அவர் உழைப்பு வீணா?

இல்லை. 1866-ல் பிரெஞ்சு அரசாங்கம் அந்தப் பண்ணையை வாங்கியது. அங்கே வனக்கல்வி வளர்ந்தது. 1950-களில் அமெரிக்க வனத்துறை நிபுணர்கள், பைன் மரத்தில் பென்சில் போன்ற மெல்லிய துண்டைக் குடைந்து எடுத்து, கட்டையின் அடர்த்தியை அளந்தார்கள். நல்ல கட்டை உள்ள மரங்களைத் தேர்ந்து, அவற்றின் சந்ததியை வளர்த்தார்கள். வீடு கட்டவும் காகிதம் செய்யவும் அந்த மரங்கள் உதவின.

மரம் நடும் முன் விதையின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும். லே பார் தோப்பில் வில்மோரின் கண்ட பாடம் இதுவே.