மதுரை வக்கீல் வைத்தியநாத ஐயர்

சென்ற மாதம் மல்லேஸ்வரத்தில் நடந்த எங்கள் கிளைக் கூட்டத்தில், நம் முன்னோர் ஒருவரைப் பற்றிப் பேசும் முறை எனக்கு வந்தது. நான் மதுரைக்காரன். பாங்க் உத்தியோகத்துக்காகப் பெங்களூர் வந்து முப்பது வருஷமாகிறது. ஸ்ரீ ஏ. வைத்தியநாத ஐயரைப் பற்றிப் பேசினேன். முடித்ததும், வக்கீல் தொழில் செய்த மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, சட்டம் படித்தவரே சட்டத்தை மீறியது சரியா என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

ஐயர் 1890-ல் தஞ்சை ஜில்லா விஷ்ணம்பேட்டையில் பிறந்தவர். மதுரையில் பெயரெடுத்த வக்கீல். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். தமிழ்நாடு ஹரிஜன சேவா சங்கத் தலைவராகவும் இருந்தார்.

ஆலயப் பிரவேச விஷயத்தில் அன்றைய சட்டம் அவருக்குத் தெரியாததல்ல. கமுதி கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. காலங்காலமாக வந்த வழக்கமே சட்டமாக நின்றது. 1936-ல் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் செய்து கோவில்களைத் திறந்துவிட்டார்; ஆனால் அது மதுரைக்குச் செல்லாது.

1939 ஜூலை 8 காலை, கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் சிலரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஐயர் மீனாட்சி கோவிலுக்குள் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். வைதிகர்கள் கொதித்தனர். பட்டர்களில் சிலர் பூஜை செய்ய மறுத்தனர். வழக்குகளும் வந்தன. ராஜாஜி அரசு அதே மாதம் அவசரச் சட்டம் கொண்டுவந்து, அவ்வருஷமே அதை முறையான சட்டமாக்கியது. நடந்து முடிந்த பிரவேசத்துக்கும் அது பாதுகாப்பு அளித்தது.

நண்பரின் கேள்வி கனப்பது இங்கேதான். முன்தேதியிட்டுச் சட்டம் செய்யலாம் என்றால், நாளை கெட்ட காரியத்துக்கும் செய்யலாமே? ஆபத்து உண்டுதான். ஆனால் ராஜாஜியின் அனுதாபம் இருந்ததே தவிர, உள்ளே போன அன்று ஐயர் கையில் சட்டம் இல்லை. ஒளிந்து மீறுகிறவன் தனக்காக மீறுகிறான். அவரோ ஊரறியப் பகலில், கோர்ட்டுக்கும் நம்மவர் வெறுப்புக்கும் தயாராகப் போனார். சட்டத்தை மதித்ததால்தான் அது தர்மத்தோடு சேர வேண்டும் என்று விரும்பினார்.

1950-ல் அரசியல் சாஸனம் தீண்டாமையை ஒழித்தது. இன்று கர்நாடகத்தில் உள்ள மூல்கி கோவில் வழக்கில், சில சடங்குகள் நீங்கலாக எல்லா ஹிந்துக்களும் உள்ளே வரலாம் என்று 1957-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தீர்ப்பு எழுதியவர் நம் ஜஸ்டிஸ் டி.எல். வெங்கடராம ஐயர். சட்டம் வேறு, அறம் வேறு என்று ஹார்ட்டும், அறவே அறம் விட்டது சட்டமாகாது என்று ஃபுல்லரும் ஹார்வர்ட் சட்ட இதழில் வாதாடியது அடுத்த வருஷம்தான்.

ஐயர் 1955-ல் காலமானார். என் தாத்தாவோ, 1939-க்குப் பிறகு மீனாட்சி கோவிலுக்குள் காலடி வைக்கவில்லை. சித்திரை வீதியில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். யாருக்கும் தீங்கு நினைக்காத மனுஷர். ஜூலை 8 அன்று சட்டமும் அவர் பக்கம்தான் இருந்தது. கடைசிவரை அம்பாளைப் பார்க்காமல் போனதும் அவர்தான்.

அடுத்த கூட்டத்தில் நண்பரிடம் இதைத்தான் சொல்லப் போகிறேன். அங்கத்தினர்களும் தங்கள் அபிப்பிராயத்தை எழுதலாம்.