திருவாலங்காட்டு அம்மையாரும் அருள்நெறியும்

தொண்டை நன்னாட்டிலே, திருவள்ளூரினின்று திருத்தணிகைக்குச் செல்லும் பெருவழியில் கனகம்மாசத்திரம் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து கிளைவழியே சில கல் தொலைவு சென்றால், கூத்தப்பெருமானுடைய ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகிய திருவாலங்காட்டை அடையலாம். தலையால் நடந்த தாய் ஒருவர் நிலைபெற்ற தலம் அது. சமயத்தில் மகளிர்க்குரிய இடம் யாது, உலகில் பகை தணிந்து அமைதி நிலவுதற்கு அருளுள்ளம் எவ்வாறு துணையாகும் என்னும் வினாக்கள் எழுங்கால், அத்தாயின் வரலாறே விடையாய் நிற்கின்றது. சேக்கிழார் சுவாமிகள் அருளிய வண்ணம் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

காரைக்கால் வணிகர் தலைவன் தனதத்தன் மகளாராய்ப் புனிதவதியார் தோன்றினார். நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தன் அவரை மணந்து காரைக்காலிலேயே மனையறம் நடத்தினான். ஒருநாள் அவன் இரண்டு மாங்கனிகளை இல்லத்திற்கு அனுப்பினான். அவ்வேளை பசியால் தளர்ந்த சிவனடியார் ஒருவர் வந்தார். சோறு ஆயிற்று, கறியமுது ஆகவில்லை. காத்திருப்பின் அடியார் பசி பொறார் என்று எண்ணிய அம்மையார், கனிகளுள் ஒன்றைச் சோற்றுடன் படைத்து அவர் பசியைத் தீர்த்தார்.

பின்னர் உண்ணவந்த கணவன், எஞ்சிய கனியின் சுவையில் ஈடுபட்டு மற்றதனையும் வேண்டினான். அம்மையார் உள்ளே சென்று இறைவனை நினைந்தார். கனி ஒன்று கையில் வந்தது. அதன் சுவை வேறாதல் கண்டு வினவிய கணவனிடம் உண்மையை மறையாது உரைத்தார். தேறாத அவன் இன்னும் ஒன்று வருவிக்கச் சொல்ல, அதுவும் வந்து அவன் கையிற் பட்டவுடன் மறைந்தது. அவன் அஞ்சினான். வாணிகத்தின்பொருட்டுக் கலமேறிச் சென்று, பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு அம்மையாரின் பெயரையே இட்டு வாழ்ந்தான். சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் அங்குக் கொண்டு சென்றபோது, மனைவியோடும் மகளோடும் வந்து அவர் திருவடியில் வீழ்ந்தான்.

இவ்விடம் ஊன்றி நினைத்தற்குரியது. குற்றம் ஏதுமின்றிக் கைவிடப்பட்டவர் அம்மையார். ஆயினும் கணவனையோ அவன் புதிய மனையையோ அவர் வெகுண்டதாகப் புராணம் கூறவில்லை. அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியை உதறிப் பேய்வடிவத்தை இறைவனிடம் வேண்டிப் பெற்றார். பெண்மையை இழிவென்று கருதி நீத்தார் என்பது பொருந்தாது. நீத்தது கணவற்கென நின்ற வனப்பே, தாய்மை நீங்கிற்றிலது. கயிலை மலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்து ஏறியபோது, தாயிலியாகிய பெருமானே அவரை அம்மையென்று அழைத்தருளினான். பெண்மைக்கு இதனினும் உயர்ந்த பேறு யாது?

இறவாத அன்பையும், பிறவாமையையும், பிறப்பு உண்டேல் மறவாமையையும், ஆடும் திருவடிக்கீழ்ப் பாடியிருத்தலையும் வேண்டிய அம்மையாரை, இறைவன் திருவாலங்காட்டிற்கு அனுப்பினான். மூத்த திருப்பதிகங்கள் இரண்டும், 101 பாடல்களையுடைய அற்புதத் திருவந்தாதியும், 20 பாடல்களையுடைய திருவிரட்டைமணிமாலையும் பதினோராந் திருமுறையில் விளங்குகின்றன. தேவார மூவர்க்கும் முற்பட்டவர் அம்மையார் ஆதலின், திருமுறைப் பதிகநெறிக்கு முதல் வழிகாட்டியவர் ஒரு பெண்மணியார் என்பது வெளிப்படை. பின்வந்த திருஞானசம்பந்தப் பிள்ளையார், அம்மையார் தலையால் நடந்த மண்ணை மிதித்தற்கு அஞ்சி, ஆலங்காட்டின் அயலூரிலேயே தங்கினார் என்பர் சேக்கிழார்.

அப்பதியை அடுத்த பழையனூரில் வழங்குவது நீலி கதை. முற்பிறப்பில் கணவனால் கொலையுண்ட நீலி, பேயாகி, வணிகனாய்ப் பிறந்த அவனைத் தொடர்ந்து வந்து வஞ்சித்துக் கொன்றாள். அவனுக்கு உயிர்ப்பிணை கூறிய வேளாளர் எழுபதின்மரும் தம் சொல் பிழையாமல் தீப்புகுந்தனர். பிள்ளையாரும் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைக் குறித்துள்ளார்.

ஒரே நிலப்பகுதியில் இரண்டு பேய்வடிவங்கள். இருவரும் கணவரால் இடருற்றவர். ஒருத்தியின் உள்ளத்தில் துன்பம் பகையாய் முற்றிப் பிறவி கடந்தும் தொடர்ந்து, குற்றமற்ற எழுபதின்மரையும் உடன்கொண்டு சென்றது. மற்றவர் உள்ளத்தில் அதே துன்பம் அன்பாய்க் கனிந்து, பகையின் தொடர்ச்சியை அங்கேயே அறுத்தது. நாடுகளுக்கிடையே மூளும் போர்களும் இவ்வாறே பழம்பகை புதுப்பகையை ஈனுதலால் வளர்வன. படைவலியால் ஒரு பகை அடங்கலாம், அழிதல் இல்லை. துன்புற்றவர் உள்ளத்தில் அருள் தோன்றும்போதே அது வேரறும்.

நம் சித்தாந்தமும் இதனையே உணர்த்துகின்றது. ஆண் பெண் என்னும் வேறுபாடு மாயாகாரியமாகிய உடம்பைப் பற்றியது, உயிரைப் பற்றியதன்று. இறைவனது அருளே சத்தியெனப் பெண்பாலாக வழங்கப்படும். அவ்வருளாலன்றி மலநீக்கம் இல்லை. ஆகவே மகளிரை ஞானநெறிக்குப் புறத்தே நிறுத்துதல் நம் நூல்களுக்கு முரணாம். அறுபத்துமூவருள் அம்மையாருடன் மங்கையர்க்கரசியாரும் இசைஞானியாரும் எண்ணப்படுதல் காண்க. திருக்கோயில்களில் ஏனை நாயன்மார் நிற்ப, அம்மையார் அமர்ந்த கோலத்தில் இருத்தலும் அப்பெருமையைக் காட்டும்.

அம்மையார் புகழ் தமிழ் எல்லையில் நின்றுவிடவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் அடியில் அவர் வடிவம் உள்ளது. கடல்கடந்த காம்போச நாட்டில் 967ஆம் ஆண்டில் எழுந்த பாந்தியாய் சிரேய் கோயிலிலும், ஆடும் பெருமான் பக்கத்தே காணும் மெலிந்த பெண்வடிவம் அம்மையாரே என்று அறிஞர் கருதுவர். படை செல்லாமலே ஒரு தாயின் அன்பு கடல் கடந்தது போலும்.

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. அன்று கனியைக் கையில் ஏற்பார், அது பசித்தவர்க்கு முதலில் ஈந்த கனி என்பதனை மறவாதிருத்தல் வேண்டும். தணிகை செல்லும் அடியாரும் கனகம்மாசத்திரத்தில் சற்றே வழிதிரும்பி ஆலங்காட்டை வணங்கி, பகையை ஆண்டே விட்டு மீள்வாராக. அம்மையார் திருவடி வாழ்க.